கொழுப்போடு தோலையும் கரைக்கும் ஊசி

துப்பட்டாவுக்குள் மறைந்திருந்தது

தை முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. கோபாலபுரத்தில் உள்ள என் கிளினிக்குக்கு இரவு எட்டரை மணிக்கு, கடைசி ஆளாக, கல்யாணப் பெண்ணும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்தப் பெண் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தார். விலக்கிப் பார்த்தால் தாடைக்கு அடியில் ஐந்தாறு முடிச்சுகள். சில பட்டாணி அளவு, இரண்டு சுண்டைக்காய் அளவு. நடுவில் ஓரிடத்தில் தோல் கறுத்துப்போய் நீர் கசிந்துகொண்டிருந்தது.

'டபுள் சின்' போக வேண்டும் என்று ஒரு பார்லரில் ஊசி போட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. முதல் முடிச்சு மூன்றாவது வாரமே தட்டுப்பட்டிருக்கிறது. பிறகு நான்கு வாரம் மஞ்சள் பற்று, விளக்கெண்ணெய் ஒத்தடம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஐந்து நாள் ஆன்டிபயாடிக். "வெளியில தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்களோன்னு பயந்துட்டோம் டாக்டர்" என்றார் அம்மா.

அந்த நான்கு வாரம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. இப்படிப்பட்ட கழுத்துகளும் தொப்பைகளும் முன்பு எப்போதாவதுதான் வரும். இப்போது ஒவ்வொரு கல்யாண சீசனுக்கும் முன்னால் வருகின்றன. எல்லாம் தாமதமாகவே வருகின்றன.

எந்த ஊசி என்று தெரியுமா?

"கொழுப்பு ஊசி போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் இரண்டு வேறு மருந்துகளை ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று, பசியைக் குறைத்து உடல் எடை முழுவதையும் இறக்குவது. இந்த வகையில் மௌஞ்சாரோ இந்தியாவில் 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. வாரம் ஒருமுறை போடுவது. நீரிழிவு, உடல் பருமன் உள்ளவர்களுக்கு டாக்டர் கண்காணிப்பில் தருவது. வெகோவியில் உள்ள செமாக்ளூடைடை வைத்து நடந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. கல்யாணத்துக்கு நான்கு கிலோ குறைக்கப் போட்டுக்கொள்கிற ஊசி அல்ல அது.

இன்னொன்று, கொழுப்பு இருக்கிற இடத்திலேயே குத்துவது. அந்தப் பெண்ணுக்குப் போட்டதாகச் சொல்லப்பட்டது இதுதான். இதில் எடை குறையாது.

"பித்தத்துல இருக்கிறதுதானே, இயற்கையானது"

விளம்பரங்களில் அதிகம் வரும் வாக்கியம் இது. இந்த ஊசியின் மருந்தான டீஆக்சிகோலிக் அமிலம் நம் பித்தநீரில் இருப்பது உண்மை. குடலுக்குள் அது எண்ணெயைக் கரைக்கிறது. அதையே தோலுக்கு அடியில் செலுத்தினால் செல்லின் சுவரை உடைக்கிறது. இது கொழுப்புச் செல், இது தோல், இது நரம்பு என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஊசி கொஞ்சம் மேலே நின்றுவிட்டால் தோல் கறுத்து உதிரும். தாடை எலும்பின் ஓரத்தை ஒட்டிப் போனால், கீழுதட்டை அசைக்கும் நரம்பில் பட்டு, சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணும். வயிற்றில் இருக்கும் அமிலம்கூட இயற்கையானதுதான். அதை யாராவது முகத்தில் குத்திக்கொள்வார்களா?

இதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் சோயாவிலிருந்து எடுத்த லெசித்தின் மருந்தைத்தான் கொழுப்புக்குப் போட்டார்கள். அந்த மருந்து தண்ணீரில் கலப்பதற்காகக் கூடவே டீஆக்சிகோலேட் சேர்த்திருந்தது. கொழுப்பைக் கரைத்ததில் பெரும்பங்கு அந்தத் துணைச் சரக்குக்குத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. பல ஆண்டுகள் ஆய்வுக்குப் பின் 2015 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 'கைபெல்லா' என்ற பெயரில் டீஆக்சிகோலிக் அமிலத்துக்கு அனுமதி தந்தது, அதுவும் தாடைக்கு அடியில் உள்ள கொழுப்புக்கு மட்டும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைத்து, புள்ளிக்கு 0.2 மில்லி. ஒரு தடவைக்கு 50 குத்துக்கு மேல் கூடாது. குறைந்தது ஒரு மாத இடைவெளியில், அதிகபட்சம் ஆறு தடவை. இவ்வளவு கவனமாகப் போட்ட ஆய்விலேயே நூறில் நான்கு பேருக்குக் கீழுதட்டை அசைக்கும் அந்த நரம்பு பாதிக்கப்பட்டது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிட்டது என்பது ஆறுதல்.

"ஒரே ஊசி, மறுநாள் வேலைக்குப் போகலாம்" என்பதும் தவறு. வீக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். தாடை தவளைபோல உப்பும். மரத்துப்போன உணர்வு வாரக்கணக்கில் இருக்கும்.

"தொப்பைக்கும் போடலாம்னாங்க"

போடலாம் என்று சொல்கிறவரிடம், எந்த அனுமதியின் பேரில் என்று கேளுங்கள். அக்வாலிக்ஸ், லிப்போ லேப், கபெலின் போன்ற பெயர்களில் வரும் ஊசிகளை நம்ப வேண்டாம் என்று 2023-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது. நிரந்தரத் தழும்பு, கடுமையான தொற்று, நீர்க்கட்டி, வலிக்கும் ஆழமான முடிச்சு என்று அது பட்டியலிட்டவற்றில் பலவற்றை என் மேஜைக்கு எதிரே பார்த்துவிட்டேன்.

தொப்பையின் ஆபத்து குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பில் இருக்கிறது. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் கரைக்கப் போடும் எந்த ஊசியும் அங்கே எட்டாது. 2004-இல் அமெரிக்க மருத்துவர்கள் பருமனான 15 பெண்களுக்கு லிப்போசக்‌ஷன் செய்து, ஆளுக்கு ஏறத்தாழ பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு அளவு எதிலும் முன்னேற்றம் இல்லை. பத்துக் கிலோ போயும் கிடைக்காத ஆரோக்கியம் பத்து மில்லி ஊசியில் எங்கிருந்து வரும்? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். அத்தனை பேரின் கவலையையும் குறிவைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

ஊசியைத் தேடி வருகிறவர்கள் சொல்லும் அறுவை சிகிச்சைப் பயம் நியாயமானதே. 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் இறந்ததைப் படித்து எல்லோரும் நடுங்கினோம். ஆனால் கத்திக்குப் பயந்து ஓடுகிறவர், யார் குத்துகிறார்கள் என்றே தெரியாத ஊசியிடம் போய் நிற்பது என்ன பாதுகாப்பு?

இன்னொன்று. தாடைக்கு அடியில் தெரிவதெல்லாம் கொழுப்பு அல்ல. தைராய்டு வீக்கமாக இருக்கலாம், உமிழ்நீர்ச் சுரப்பியாக இருக்கலாம், நிணநீர்க் கட்டியாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்க்காமல் ஊசி எடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

யூடியூப் வைத்தியம்

2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், கொழுப்பைக் கரைக்கும் என்று யூடியூப் வீடியோ சொன்னதை நம்பி, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. யாரோ எடுத்த வீடியோவை நம்புகிற பிள்ளைகள், பக்கத்துத் தெருவில் இருக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லையே!

ஊசி மருந்தை ஆன்லைனில் வாங்கி, கண்ணாடி முன் நின்று தானே குத்திக்கொண்டவர்களும் வந்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முடிச்சு வந்த பிறகு வீட்டில் செய்பவை இன்னும் மோசம். சூடான ஒத்தடம், வெந்திருக்கும் தோலை மேலும் வேகவைக்கும். அழுத்தித் தேய்த்தால் சீழ் பரவும். மருந்துக்கடையில் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு, தொற்றை வெளியே தெரியாமல் வளர்த்துவிடும். சுத்தமில்லாத ஊசியில் வரும் தொற்றுக்குப் பல சமயம் காரணம் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி. வாரக்கணக்கில் பதுங்கியிருந்து பிறகுதான் தலைகாட்டும். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில், இரண்டு மூன்று மருந்து சேர்த்துச் சாப்பிட வேண்டிவரும்.

அது எந்தத் தொற்று என்று தெரிந்துகொள்ள ஸ்கேன், சீழ் கல்ச்சர், தேவைப்பட்டால் சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதனை செய்ய வேண்டும்.

போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த ஊசி பற்றி யோசிக்கவே வேண்டாம். மற்றவர்கள், போடுகிறவர் தோல் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்று கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடம் உங்களுக்கு வேண்டாம். மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக்குக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். அது சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்குப்பியை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு எந்தப் புது ஊசியும் வேண்டாம், பெற்றோர்களே, உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் தாடையைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தாலே பாதி ஊசிகள் நின்றுவிடும்.

ஏற்கெனவே போட்டு, முடிச்சோ கறுப்போ தெரிந்தால் மறுநாளே வாருங்கள். பணம் இல்லையென்றால் ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் அரசு பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, என் கிளினிக்குக்குப் பக்கத்திலேயே ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. வரும்போது அந்தக் குப்பியையும் பில்லையும் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள். ஏன் போட்டீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். எந்த மருந்து, எத்தனை குத்து, எந்தத் தேதி, இந்த மூன்று மட்டும் தெரிந்தால் போதும்.