ஏழா, ஒன்பதா? மடிக்கணினி வாங்கப் போகும் பெற்றோருக்கு

பிள்ளைக்குப் பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்ததும், நம் தோட்டத்து வீடுகளில் அடுத்து எழும் பேச்சு மடிக்கணினிதான். சீட்டுப் பணத்தை எடுத்து, ஓவர்டைம் காசைச் சேர்த்து, சில வீடுகளில் நகையையும் அடகு வைத்து, சுங்கைப்பட்டாணிக்கோ கூலிமுக்கோ கிளம்புகிறோம். கடையில் நிற்கும் இளைஞர், "அங்கிள், இது ஐ7, அது ஐ9. ஒன்பதுதான் பெரிசு" என்கிறார். எண் பெரிதென்றால் பொருளும் உயர்ந்ததாகத்தானே இருக்க வேண்டும்? நாமும் தலையாட்டிவிடுகிறோம். வழுக்குவது அங்கேதான், அன்பர்களே.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். கணக்கியல் படிக்கப் போன மகளுக்கு, கடையில் இருந்ததிலேயே பெரிய ஐ9 கணினியை வாங்கித் தந்தார். சார்ஜரோடு சேர்த்துத் தூக்கினால் தோள் வலிக்கும் கனம். விரிவுரை மண்டபத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். மின்சார பிளக் இருக்கும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள் அந்தப் பெண். "நல்லதைத்தானே சார் வாங்கிக் கொடுத்தேன்?" என்று அப்பா என்னிடம் கேட்டார். நல்லதுதான். ஆனால் கடைக்குப் போய் உப்பு வாங்கி வர லோரியை எடுத்த கதையாகிவிட்டது.

கணினிக்கு மூளையாக இருக்கும் சில்லைத்தான் புரோசெசர் என்கிறோம். அது எங்கோ தூர தேசத்துச் சரக்கு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் வெளிநாட்டில் தன் முதல் ஆலையை 1972-இல் அமைத்தது நம் பினாங்கில், பாயான் லெப்பாஸில்தான். அதன் போட்டியாளரான ஏ.எம்.டி.யும் அதே காலத்தில் அங்கே வந்தது. கூலிமில் 1996-இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கும் இன்டெல்லுக்கு ஆலை உண்டு. விடிவதற்கு முன் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும் ஆலை பஸ்ஸில் ஏறிப் போன நம் அக்காமார், தங்கைமார் எத்தனை பேர்! மேசைக் கணினிக்கான இன்டெல் சில்லுகள் சிலவற்றின் மூடியில் 'மலாய்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். மலேசியாவில் செய்தது என்பதன் சுருக்கம் அது.

சில்லுகளை வட்டத் தகட்டில் பொறிக்கும் வேலை அமெரிக்கா, அயர்லாந்து, தைவான் போன்ற இடங்களில் நடக்கிறது. தகட்டை அறுத்து, சில்லை அடித்தட்டில் பொருத்தி, சோதித்துத் தரம் பிரிக்கும் வேலையில் ஒரு நல்ல பங்கு நம் பக்கத்தில் நடக்கிறது. புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பதை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரே வடிவில் பிறந்த சில்லுகளில் எல்லாப் பகுதியும் வேகமாக ஓடுவதற்கு ஒரு பெயர். சில பகுதிகளை அடைத்து விற்பதற்கு இன்னொரு பெயர். 2024-இல் வந்த ஐ9-14900எச்.எக்ஸ். என்ற சில்லில் 24 கோர்கள், ஐ7-14700எச்.எக்ஸ். என்பதில் 20. கோர் என்றால் வேலை செய்யும் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அடிப்படையில் 55 வாட் மின்சாரம் கொள்ளும். முடுக்கிவிட்டால் 157 வாட் வரை இழுக்கும். ஏழும் ஒன்பதும் கிட்டத்தட்ட அக்கா தங்கைதான்.

இப்போது 2023-இல் வந்த ஐ7-1355யு. என்பதைப் பாருங்கள். இதுவும் ஏழுதான். ஆனால் மொத்தம் 10 கோர். அவற்றில் பெரிய கோர் இரண்டே இரண்டு, மற்ற எட்டும் சிறியவை. அடிப்படை மின்சாரம் 15 வாட். ஏழுக்கும் ஒன்பதுக்கும் உள்ள தூரத்தைவிட, ஏழுக்கும் ஏழுக்கும் உள்ள தூரம் அதிகம்! ஆகவே முன்னால் நிற்கும் எண்ணைவிட, பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை முதலில் பார்க்க வேண்டும். 'யு' என்றால் சிக்கனம். 'எச்' என்றால் நடுத்தரம் தாண்டிய வலு. 'எச்.எக்ஸ்.' என்றால் முழு வலு, முழுச் சூடு.

ஏ.எம்.டி.யின் ரைசன் சில்லுகளில் இன்னொரு நுணுக்கம். 2023-இல் வந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவம் எந்தத் தலைமுறை என்று காட்டும். ரைசன் 7 7840எச்.எஸ். என்றால் நான்காம் தலைமுறை. ரைசன் 7 7730யு. என்றால் 2020-இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறை வடிவம், புதுச் சட்டை போட்டு வந்தது. மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், தவறில்லை. புதுசென்று நினைத்துப் புது விலை கொடுக்கக் கூடாது.

பிள்ளை செய்யப் போவது எழுத்து வேலை, கணக்கு, இணைய வகுப்பு என்றால் பேட்டரிதான் முக்கியம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட்-மணி பேட்டரி உள்ள கணினி 6 வாட் இழுத்தால் பத்து மணி நேரம் ஓடும். விளையாட்டுக் கணினியில் 90 வாட்-மணி பேட்டரி இருந்தாலும், 100 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சிக்கனத்தில் பெயர் வாங்கியவை ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள்; 2020 முதல் வருகின்றன, மேக்புக் ஏர் கணினியில் காற்றாடியே கிடையாது. 2024-இல் இன்டெல் கோர் அல்ட்ரா 7 258வி என்ற சில்லைக் கொண்டுவந்தது. 17 வாட் அடிப்படை, எட்டே கோர். இதில் நினைவகம் சில்லோடு சேர்ந்தே வரும்; பிறகு கூட்ட முடியாது. 258வி என்றால் 32 ஜிபி, 256வி என்றால் 16 ஜிபி. இரண்டுக்கும் பெயர் அல்ட்ரா 7 தான்! குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட்டும் 2024-இல் வந்த சிக்கனச் சில்லு. ஆனால் சில மென்பொருள்களும் பல விளையாட்டுகளும் அதில் சரியாக ஓடுவதில்லை. பொறியியல் படிக்கும் பிள்ளை என்றால், என்ன மென்பொருள் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டுவிட்டுத்தான் ஆப்பிளையும் ஸ்னாப்டிராகனையும் தொட வேண்டும். சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருள் ஆப்பிள் கணினிக்கென்று வருவதே இல்லை.

வீடியோ வெட்டி ஒட்டுவது, பெரிய வரைபடம் போடுவது போன்ற வேலைகளுக்குக் கோர்கள் கூடுதலாக வேண்டும். படிப்புக்கும் பைக்கும் இரண்டுக்கும் ஒத்துவரும் நடுவழி என்று நான் சொல்வது 2024-இன் ரைசன் ஏஐ 9 எச்.எக்ஸ். 370. 12 கோர், 15 முதல் 54 வாட் வரை கணினி செய்யும் நிறுவனம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். விலைதான் கையைக் கடிக்கும்.

விளையாட்டைப் பற்றிக் கேட்காத பையன் யார்? அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, விளையாட்டில் பாதிக்கு மேல் பாரம் சுமப்பது கிராபிக்ஸ் கார்டுதான், புரோசெசர் அல்ல. ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் கார்டும் உண்டு, 115 வாட் கார்டும் உண்டு. ஐ9-க்குக் கொட்டும் காசை மிச்சம் பிடித்து, நல்ல கார்டில் போடு.

சூட்டை மறந்துவிடக் கூடாது. மதிய வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, மெத்தை மேல் கணினியை வைத்து வேலை செய்தால் அடியில் காற்று போகாது. சில்லு சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெல்லிய உடம்புக்குள் வலுவான சில்லை வைத்து விற்பவர்களிடமும் இதே தொல்லைதான். மேசையோ பலகையோ, தட்டையாக இருந்தால் போதும்.

கடைக்குப் போகும்போது புரோசெசரின் முழுப் பெயரை, கடைசி எழுத்து வரை, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கணினியைத் திறந்து காட்டச் சொல்லி, திரையில் வரும் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீதிலும் அதே முழுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் 'ஐ7' என்று எழுதினால் வாங்காதீர்கள்.

அந்த லோரி ஓட்டுநர் வீட்டில் இப்போது ஐ9 கணினி தம்பியின் மேசையில் இருக்கிறது. அவன் வீடியோ தயாரிப்புப் படிக்கிறான். அக்கா, பழைய கணினிக் கடையில் வாங்கிய மெல்லிய ஐ5 யு. கணினியோடு வகுப்புக்குப் போகிறாள். சார்ஜரை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போகிறாளாம்.