நாலாவது சீசன்

கொலராடோ மாநிலத்தின் மேற்கு மலைகளில் நவம்பர் மூன்றாவது வாரம் வந்துவிட்டால், ஆண்டு முழுக்கக் கண்ணில் சிக்காத பெரிய ஆண் மான்கள் பட்டப்பகலில் வெளியே வரும். இனச்சேர்க்கைக் காலம் அது. கழுத்து பருத்து, மேய்ச்சலை மறந்து, தரையோடு மூக்கை வைத்தபடி பெட்டை மான்களின் பின்னால் அலையும். அந்த மாநிலம் ரைஃபிள் வேட்டைக்கு ஒதுக்கியிருக்கும் காலங்களில் நாலாவது சீசன் இந்தச் சமயத்தில்தான் வருகிறது. நாலாவது சீசனுக்கு மியூல் மான் எனப்படும் இந்த இனத்துக்கான டேக் கிடைத்தவரை மற்ற வேட்டைக்காரர்கள் பார்க்கும் பார்வை, நம் ஊரில் மெடிக்கல் சீட் கிடைத்த பையனைத் தெருவே பார்ப்பதுபோல இருக்கும்.

டேக் என்பது ஒரு மானுக்கான அனுமதி. 1999 முதல் கொலராடோவில் மான் வேட்டை முழுவதும் குலுக்கல் முறைக்குள் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு புள்ளி சேரும். புள்ளி அதிகம் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை. கன்னிசன் போன்ற பெயர்பெற்ற பகுதிகளில் இந்த சீசனுக்கு வெளிமாநிலக்காரர்கள் பத்து ஆண்டுக்கு மேல் புள்ளி சேர்க்க வேண்டியிருக்கும். டேக் கிடைத்ததும் புள்ளி பூஜ்யம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். இத்தனை ஒழுங்கிலும் ஓர் ஓட்டை உண்டு. பெரிய நிலச்சொந்தக்காரர்களுக்கு எனத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, அதில் ஒரு பங்கை அவர்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு இது எரிச்சல்தான். அந்த எரிச்சல் நியாயமானது என்றே எனக்கும் படுகிறது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தபிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய நமக்கு, அரசே மானைக் கொல்ல அனுமதி தருவது விநோதமாகத் தோன்றும். ஆனால் அமெரிக்கர்களுக்கு அரிசோனாவின் கைபாப் பீடபூமிக் கதை பாடமாக நிற்கிறது. 1906-ல் தியோடர் ரூஸ்வெல்ட் அந்தப் பகுதியைக் காப்பகமாக அறிவித்தார். மான் வேட்டை நின்றது. பூமா, ஓநாய், கயோட்டி எல்லாம் கொன்று குவிக்கப்பட்டன. மான்கள் பெருகின, வாய்க்கு எட்டிய செடியையெல்லாம் மொட்டையடித்தன, 1920-களில் பட்டினியால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எத்தனை மான்கள், எது முதல் காரணம் என்பதில் சூழலியலாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. 1924 டிசம்பரில் நடந்ததுதான் கூத்து. உபரி மான்களைக் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாகத் தென்கரைக்கு ஓட்டிச் செல்லக் குதிரைக்காரர்களும், மணியடித்தபடி பழங்குடி மக்களும் வரிசைகட்டிப் போனார்கள். ஒரு மான்கூட அக்கரை சேரவில்லை. மான்கள் ஆட்களுக்கு ஊடாகப் புகுந்து பின்னால் போய்விட்டன.

இப்போது ஒவ்வொரு மந்தைக்கும் கணக்கெடுத்து டேக் எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். 2022–23 பனிக்காலம் வடமேற்குக் கொலராடோவில் மான்களை வாரிக்கொண்டு போனது. அடுத்த சீசனுக்கு அங்கே டேக்குகளை வெட்டிக் குறைத்தார்கள். காட்டுயிர்த் துறைகளின் செலவுக்கு உரிமக் கட்டணமும், ரைஃபிள், தோட்டா மீதான 11 சதவீத வரியிலிருந்து 1937-ம் ஆண்டுச் சட்டப்படி வரும் பங்கும் பெரிய ஆதாரம்.

வேட்டை நாளன்று சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு சுடலாம் என்பது விதி. அதற்கு வெகுமுன்பே வேட்டைக்காரர் இருட்டில் மலைமுகட்டில் உட்கார்ந்திருப்பார். தலையிலும் மேலுடம்பிலும் 500 சதுர அங்குலத்துக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் உடுத்தியிருக்க வேண்டும். நமக்குத் தெரிவதுபோல மானுக்கு அந்த நிறம் தெரியாது. அது பக்கத்து மலையில் துப்பாக்கியோடு இருக்கும் இன்னொருவருக்காக.

பிறகு பைனாகுலரை முக்காலியில் பொருத்தி எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகத் துழாவுவதுதான் வேலை. தெற்கு நோக்கிய சரிவில் வெயில் பட்டுப் பனி கரைந்து சேஜ் புதர்கள் தலைகாட்டும். மான் முழுசாகத் தெரியும் என்று காத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஜூனிபர் நிழலில் ஒரு பெரிய காது திரும்பும். செங்குத்தான கிளைகளுக்கு நடுவே முதுகு ஒரு கிடைக்கோடாகத் தெரியும். இல்லையென்றால் வெள்ளைப் பிட்டத்தில் கருநுனி வால் ஆடும். நாலாவது சீசனில் பெட்டைகளைக் கண்டுபிடித்து அங்கேயே கண்ணை வைத்திருந்தால் போதும், ஆண் மான் தானாக வந்து சேரும்.

கண்டபிறகுதான் காற்றோடு மல்லுக்கட்டு. விடிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும். வெயில் ஏறியதும் மேலே ஏறத் தொடங்கும். எட்டு மணிக்குச் சரியாக இருந்த வழி பத்து மணிக்கு நம் வாடையை நேரே மானின் மூக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால் சிறு குப்பியில் மாவுத்தூள் வைத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை ஊதிப் பார்த்து நகர்வார்கள். மிரண்டால் மியூல் மான் பெரும்பாலும் ஓடாது. நான்கு கால்களையும் ஒருசேரத் தரையில் அடித்துத் துள்ளித் துள்ளிப் போகும். புதரும் பாறையும் நிறைந்த ஏற்றத்தில் துரத்தும் விலங்கை அப்படித்தான் பின்தங்கச் செய்கிறது. ஆனால் மேட்டை எட்டியதும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. துப்பாக்கிக்காரர்களின் ஃப்ரீசர்கள் பலவும் நிறைந்தது அந்த ஒரு பார்வையால்தான்.

தோள்பட்டைக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டில் குண்டு பாய்ந்து மான் விழுந்ததும் டேக்கில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பிறகுதான் உண்மையான உழைப்பு. உடல் சூடு உள்ளே தங்கினால் கறி கெடும். உடனே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்ததும் பனியில் ஆவி குபுகுபுவென்று எழும். தோலுரித்து, முன்சப்பை இரண்டு, பின்தொடை இரண்டு, முதுகுத்தண்டை ஒட்டிய நீளக் கறி, உள்பக்கத்து மெல்லிய கறி எனப் பிரித்துத் துணிப்பைகளில் கட்டுவார்கள். ஆண் மான் என்பதற்கான அடையாளம் ஒரு தொடையோடு ஒட்டியே இருக்க வேண்டும். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கறியை விட்டுவருவது கடும் குற்றம். எலும்பு நீக்கியும் முப்பது கிலோ தேறும். முழங்கால் பனியில், ரைஃபிளும் முதுகுப்பையும் சேர்த்து அதைச் சுமந்து இறங்க இரண்டு நடையாவது ஆகும். 'வெற்றி' என்று போடும் புகைப்படங்களில் இந்த நடை வருவதில்லை.

வீட்டுக்கு வந்தும் சில வேட்டைப் பகுதிகளின் கறியை உடனே சமைக்க முடியாது. 1967-ல் ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மியூல் மான்களிடம்தான் மூளையைத் துளைக்கும் ஒரு நோய் முதலில் தெரியவந்தது. இன்று அது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. என்றாலும் நோய் உறுதியானால் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. சில பகுதிகளில் தலையைச் சோதனைக்குக் கொடுப்பது கட்டாயம். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் கிடக்கும்.

முடிவு நல்லபடியாக வந்தால் முதலில் சமைப்பது முதுகுக் கறியைத்தான். கனத்த இரும்புச் சட்டியில் வெண்ணெய் விட்டு, உப்பு மிளகோடு இரண்டு பக்கமும் சிவக்க விட்டு, நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே இறக்கிவிடுவார்கள். கொழுப்பே இல்லாத கறி அது, ஒரு நிமிடம் கூடினாலும் ரப்பராகிவிடும். சேஜ் தின்ற மான் கறியில் வாடை அடிக்கும் என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் மலையிலேயே கறியைச் சூட்டோடு போட்டுவைத்தவர்கள், இல்லையென்றால் அடுப்பை அணைக்க மறந்தவர்கள்.