காதல் இல்லை, குத்து இல்லை.. முழுக்கக் கோபம்! 'தெருக்குறள்' யாருக்குப் பிடிக்கும்?

'மாஸ்டர்' படத்து 'வாத்தி ரெய்டு' பாட்டு ஞாபகம் இருக்கா? 2021ல் குழந்தைகள்கூட பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'? இரண்டிலும் ராப்பில் வெளுத்துக் கட்டியவர் அரக்கோணத்துக்காரர் அறிவு. ஆனால் அதற்கு முன்பே, 2019ல், இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து அவர் போட்ட ஆல்பம் ஒன்று இருக்கு. பேரு 'தெருக்குறள்'!

திருக்குறள் தெரியும், அதென்ன தெருக்குறள் என்கிறீர்களா? தெருவில் இருப்பவன் பேசினால் அதுவும் குறள்தான் என்பது சங்கதி.

ராப் என்றால்..

1973ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராங்ஸ் என்ற ஏழைகள் வாழும் பகுதியில் நடந்த பார்ட்டிகளில்தான் ஹிப்ஹாப் பிறந்தது. பெரிய வாத்தியக் கோஷ்டி வைக்கக் காசில்லை. ரெக்கார்டு பிளேயரில் தாளத்தை மட்டும் ஓடவிட்டு அதன் மேல் பேசினார்கள். அந்தப் பேச்சுதான் ராப். ராகம் இழுக்கத் தேவையில்லை. தாளம் தவறாமல் சொல்லணும், சொல்ல விஷயம் இருக்கணும்.

அறிவிடம் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. அவரது பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். டைரக்டர் பா.ரஞ்சித் முயற்சியில் உருவாகி, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிலும் அறிவு பாடியவர். சாதிக்கு எதிராக கானாவையும் ராப்பையும் கலந்து கொடுத்த கோஷ்டி அது.

உள்ளே என்ன இருக்கு?

'ஆன்டி இண்டியன்' பாட்டு, எதிர்த்துக் கேள்வி கேட்டாலே தேசவிரோதி என்று முத்திரை குத்துகிறவர்களுக்குப் பதில். 'கள்ள மௌனி' என்றால் எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காதவன். தலைப்பே சாட்டையடி! 

மனதைப் பிசைவது இன்னொரு பாட்டு. 2018 மே மாதம் தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்டத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலியானார்கள். அதில் உயிரைவிட்ட ஒரு பெண்ணின் பெயரே அந்தப் பாட்டுக்குத் தலைப்பு. செய்தித்தாளில் எண்ணிக்கையாகப் போன உயிருக்கு இங்கே பெயர் இருக்கிறது. இந்த ஒரு பாட்டுக்காகவே ஆல்பத்தைக் கேட்கலாம்.

யார் கேட்கலாம்?

கானா ரசிகர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். வாழ்ந்த கதையை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வதுதானே கானா? மேடைப்பேச்சை நின்று கேட்கும் பெரிசுகளுக்கும் பிடிக்கும். எதுகை மோனை துள்ளுது! வேலையிடத்தில் முதலாளியிடம் கேட்க முடியாத கேள்வி நெஞ்சில் கிடக்கிறவர்களுக்கு, 'நம்ம ஆளு பேசுறான்' என்று தோணும்.

யாருக்குப் பிடிக்காது? மெலடி தேடுகிறவர்களுக்கு. தூங்கும்போது கேட்கவும் இது ஆகாது. அரசியலே வேணாம் என்பவர்கள் நாலாவது வரியிலேயே ஆஃப் பண்ணிடுவாங்க.

முதல் தடவை கேட்கும்போது வேகத்தில் பாதி வார்த்தை பிடிபடாது. பயப்படாதீங்க. ஒருமுறை தாளத்துக்குக் கேளுங்க, மறுமுறை வார்த்தைக்குக் கேளுங்க. மூணாவது முறை நீங்களே கூடப் பாடுவீங்க.

பிடிக்கலேன்னா..? நம்மகூட சண்ட செய்ய வராதீங்க!