கடல் கடந்த விற்பனையில் அனுப்புகூலித் தகராறுகள்

கிராமச் சந்தையில் ஒரு மூட்டை சரக்கு கைமாறும்போது வண்டிச்சத்தம் யாரைச் சேர்ந்தது, இறக்குகூலி யாரைச் சேர்ந்தது, தரகு யாரைச் சேர்ந்தது என்பவற்றை ஒருவரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஊர் வழக்கமே அதைச் சொல்லிவிடுகிறது. சந்தேகம் எழுந்தாலும், வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே நிற்கிறபடியால், சில நிமிஷங்களில் பேசித் தீர்த்துக்கொள்ளுகிறார்கள். எட்ஸி, ஈபே, அமேஸான் முதலிய இணையச் சந்தைகளின் வழியாக அயல்நாட்டாருக்கு நேரே விற்கத் தொடங்கியிருக்கும் விவசாயிகளுக்கு இந்த வசதி கிடையாது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் கொட்டாங்கச்சியைக் கடைந்து மெருகேற்றிக் கிண்ணங்களாக விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். அனுப்புகூலி என்ற ஒரே சொல்லை இருவரும் வழங்குகிறார்கள். ஆனால் இருவர் மனத்திலும் இருக்கும் தொகை ஒன்றல்ல.

இவ்வாறு விளையும் தகராறுகளில் நஷ்டமடைபவர் பெரும்பாலும் விற்பவரே ஆவார். வாங்குபவர் பெட்டியை ஏற்க மறுத்தால், போகும் கூலி வீணாவதோடு திரும்பி வரும் கூலியும் அவர் தலைமேல் விழுகிறது. சில சமயங்களில் சரக்கின் கிரயத்தைக் காட்டிலும் இவ்விரு கூலிகளும் மிகுந்து நிற்கும். ஆகவே, இவ்விஷயத்தில் கவனிக்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே கூறுவது பயன் தரும்.

அனுப்புகூலி என்று பொதுப்படச் சொல்வதில் மூன்று வேறு செலவுகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, பெட்டியைச் சுமந்து செல்வதற்குத் தபால் இலாகாவோ கூரியர் கம்பெனியோ வாங்கும் சத்தம். இரண்டாவது, சரக்கு போய்ச் சேரும் நாட்டில் விதிக்கப்படும் சுங்கத் தீர்வையும் விற்பனை வரியும். மூன்றாவது, அந்த வரியைத் தான் முன்னதாகக் கட்டிவிட்டு, பின்னர் வாங்குபவரிடம் வசூல் செய்யும் கம்பெனி அவ்வேலைக்காகக் கேட்கும் கையாள் கூலி. விற்பவர் முதலாவதை மட்டும் எண்ணி விலை போடுகிறார். வாங்குபவரோ, தாம் கட்டிய தொகையில் மூன்றும் அடங்கிவிட்டதாக நம்பிக் காத்திருக்கிறார். பெட்டி அவர் வாசலுக்கு வந்ததும், மேலும் இவ்வளவு கட்டவேண்டும் என்று சீட்டு நீட்டப்படுகிறது. அக்கணமே விற்பவர் ஏமாற்றுக்காரராகத் தோன்றிவிடுகிறார்.

முதலில் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வண்டி வைக்கோலும் ஒரு வண்டி நெல்லும் ஒரே எடை அல்ல. ஆயினும் வண்டிக்காரர் வைக்கோலுக்கு எடை பார்த்துச் சத்தம் பேசுவதில்லை, வண்டி நிறைந்துவிட்டதல்லவா என்றுதான் கேட்பார். விமானத்தில் சரக்கேற்றும் கூரியர் கம்பெனிகளும் இந்த நியாயத்தையே பின்பற்றுகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையை 5,000-ஆல் வகுத்தால் கிடைப்பது கன அளவு எடை எனப்படும். இந்த எடை, தராசில் நிற்கும் எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. அதையும் அரைக் கிலோவாக மேல்நோக்கித் திருத்திக்கொள்வது வழக்கம்.

மேற்கூறிய தோப்புக்காரர் பன்னிரண்டு கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் காகிதம் சுற்றி, 45 சென்டிமீட்டர் நீளமும் 32 அகலமும் 20 உயரமும் உள்ள பெட்டியில் அடுக்கினார் என்க. தராசில் 1.8 கிலோ நிற்கிறது. அவர் 2 கிலோவுக்குரிய கூலியையே சந்தையில் விளம்பரம் செய்திருக்கிறார். ஆனால் கன அளவின்படி 28,800-ஐ 5,000-ஆல் வகுக்க 5.76 வருகிறது, கம்பெனி 6 கிலோவுக்குக் கூலி கேட்கிறது. அதே கிண்ணங்களை, ஒன்றுக்குள் ஒன்றாக ஆறாறாய் அடுக்கி, இடையில் மெல்லிய காகிதம் வைத்து, 32, 18, 20 அளவுள்ள பெட்டியில் கட்டியிருந்தால் 2.304 தான் வரும், 2.5 கிலோவுக்குக் கூலி கட்டினால் போதும். கொட்டாங்கச்சி இயற்கைப் பொருளாகையால் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதில்லை. கடைந்தவுடனேயே வாயகலம் பார்த்துப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து வைப்பவர்களுக்கு அடுக்கும் வேலை எளிதாகும். இந்தச் சிறு உழைப்பால் மிச்சமாகும் தொகையை வேறு எந்தப் பேரத்தாலும் பெற இயலாது.

தபாலில் பெரும்பாலும் உண்மை எடையே கணக்கு. ஆனால் பெட்டியின் அளவுக்கு வரம்பு உண்டு, நாட்களும் கூடுதலாகும். எவ்வழியாயினும், விலை போடுவதற்கு முன்பே மாதிரிப் பெட்டி ஒன்றை முழுமையாகக் கட்டி, ஒட்டுக் காகிதம் உட்பட நிறுத்து, அளந்து, அதன்மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் கூலி விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். உலகம் முழுவதற்கும் ஒரே கூலி என்று போடுவது பெருந்தவறு. சிங்கப்பூருக்கும் பிரேஸிலுக்கும் ஒரே சத்தம் கேட்கும் வண்டி எங்கும் இல்லை.

வாங்குபவர் சிலர், சீன தேசத்திலிருந்து வரும் பொட்டலத்துக்கு இவ்வளவு கூலி இல்லையே என்று எழுதுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1874-ல் ஸ்விட்ஜர்லாந்திலுள்ள பெர்ன் நகரில் உண்டான உடன்படிக்கையிலிருந்து தோன்றிய சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் விதிகளின்படி, ஒரு நாட்டின் பொட்டலத்தை மற்றொரு நாட்டின் தபால்காரர் வீடு சேர்ப்பதற்கான ஊதியம் சில நாடுகளுக்கு மிகக் குறைவாக நெடுங்காலம் இருந்துவந்தது. அமெரிக்கா இதை ஆட்சேபித்ததன்பேரில், 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய விசேஷ மகாநாடு விதியை மாற்றியது. 2020 ஜூலை முதல் அமெரிக்கா தன் விகிதத்தைத் தானே நிர்ணயித்துக்கொண்டது. எனவே பழைய கூலிகளை நினைவில் வைத்துக்கொண்டு விலை போடுவதும், பிறர் பழைய கூலியைக் காட்டி வாதாடும்போது மனம் தளர்வதும் கூடாது.

நிற்க, வரியைப் பற்றியே அதிகமான தகராறுகள் எழுகின்றன. சர்வதேச வர்த்தகச் சபை 1936-ல் முதன்முதலாக வெளியிட்டு, அவ்வப்போது திருத்திவரும் வியாபாரச் சொற்றொகுதியில் இதற்கு இரண்டு குறிகள் உள்ளன. டி.ஏ.பி. என்றால் சரக்கை இடம் சேர்ப்பது விற்பவர் பொறுப்பு, இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு. டி.டி.பி. என்றால் வரியும் விற்பவருடையதே. கூரியர் பாரத்தில் இக்குறிகளில் ஒன்றை யோசனையின்றிக் கிறுக்கிவிட்டுப் பின்னர் வருந்துகிறவர்கள் பலர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்கு உட்பட்ட சரக்குகளுக்கு விற்பனை வரி விலக்கு இருந்தது. 2021 ஜூலை 1 முதல் அது நீக்கப்பட்டு, எவ்வளவு சிறிய பொட்டலமாயினும் வரி உண்டு என்றாயிற்று. 150 யூரோ வரையுள்ள சரக்குக்கு இணையச் சந்தையே வாங்குபவரிடம் வரியைப் பெற்றுக் கட்டிவிடுகிறது. இதற்கென்று சந்தைக்கு ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற ஓர் எண் உண்டு. அந்த எண்ணைப் பெட்டிக்குரிய மின்னணு விவரங்களோடு தபாலுக்கோ கூரியருக்கோ விற்பவர் தெரிவிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், வாங்குபவர் கொடுத்த வரி சுங்க அதிகாரிக்குத் தெரியாது. அவரிடம் இரண்டாம் தரமும் வரி கேட்கப்படும். ஜெர்மனிக்காரர் கோபத்துடன் எழுதும் கடிதங்களில் பலவற்றுக்கு இந்த ஓர் எண்ணின் மறதியே காரணம். பிரிட்டனில் 2021 ஜனவரி 1 முதல் 135 பவுன் வரையிலும், ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலை 1 முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலும் இவ்விதமாகவே சந்தைகள் விற்பனை வரியை வசூலிக்கின்றன.

அமெரிக்காவின் நிலை வேறு. அங்கு 800 டாலருக்கு மேற்படாத சரக்குக்கு 2016 முதல் தீர்வையே இல்லாதிருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அச்சலுகை எல்லா நாடுகளின் சரக்குக்கும் நிறுத்தப்பட்டது. இதன் காரணமாக இந்தியத் தபால் இலாகா ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பார்சல்களை ஏற்பதை நிறுத்தி வைத்து, அக்டோபர் 15-ல் மறுபடி தொடங்கிற்று. அப்போது வந்த ஏற்பாட்டின்படி, தீர்வையை அனுப்புகிறவரே இங்கே பெட்டியைக் கொடுக்கும்போது கட்டவேண்டும். தீர்வை விகிதங்கள் அடிக்கடி மாறுகின்றமையால், சென்ற மாதத்துக் கணக்கை நம்பாமல், விலை போடும் நாளிலும் பெட்டி கட்டும் நாளிலும் தபாலாபீஸில் விசாரித்துக்கொள்வது அவசியம்.

அனுப்புகூலி இலவசம் என்று போட்டு, அதைச் சரக்கின் விலையில் ஏற்றிவிடும் வழக்கமும் பரவியிருக்கிறது. வாங்குபவர் கண்ணுக்கு அது அழகாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் தீர்வை, கடல் கடந்து செல்லும் கூலி நீங்கலாக, சரக்கின் மதிப்பின் மேலேயே விதிக்கப்படுகிறது. கூலியை விலைக்குள் புதைத்துவிட்டால் அக்கூலிக்கும் சேர்த்துத் தீர்வை கட்ட நேரிடும். இன்வாய்ஸில் சரக்கின் விலை ஒரு வரியிலும் கூலி மற்றொரு வரியிலும் தனித்தனியே இருப்பதே நல்லது. சந்தைக்காரரின் கமிஷனையும் இங்கு மறத்தலாகாது. எட்ஸி 2022 ஏப்ரல் முதல் வாங்கும் 6.5 சதவீதம், கூலிக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. 2,000 ரூபாய்ச் சரக்குக்கு 1,500 ரூபாய் கூலி என்றால் கமிஷன் 130 ரூபாய் அன்று, 227 ரூபாய் 50 காசு. பணம் செலுத்தும் வழிக்குரிய கட்டணம் வேறு. கூலி வந்த விலைக்கே போகும் என்று எண்ணுகிறவர், பெட்டிக்குப் பெட்டி கைப்பொருளை இழந்து வருகிறார்.

விளம்பரத்தின் அடியில், ஆங்கிலம் நன்கு அறிந்த ஒருவரைக் கொண்டு, பின்வரும் கருத்துடைய வாசகத்தை எழுதுவித்தல் வேண்டும்: “இங்கே குறித்துள்ள கூலி, இந்தியாவிலிருந்து தங்கள் முகவரி வரை சுமந்து வருவதற்கு மட்டுமே உரியது. தங்கள் நாட்டுச் சுங்கத் தீர்வையும் கையாள் கூலியும் இதில் சேரவில்லை. அவற்றைத் தாங்கள் செலுத்த நேரிடலாம். பெட்டி புறப்பட்ட நாள் முதல் இத்தனை நாட்கள் ஆகலாம்.” தீர்வையை விற்பவரே முன்னதாகக் கட்டும் நாடுகளுக்கு அதையும் வெளிப்படையாகச் சொல்லி, அத்தொகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தகராறு வந்தபின் சந்தைக்காரர் முதலில் பார்ப்பது விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைத்தான்.

இவ்வளவு செய்தும் தகராறு வருமாயின், அது எவ்வகையது என்று பிரித்தறிய வேண்டும். கூலியைக் குறைத்துப் போட்டது விற்பவருடைய பிழையாயின், நஷ்டத்தைத் தாமே ஏற்றுப் பெட்டியை அனுப்பலாம்; அல்லது அனுப்புவதற்கு முன்பே காரணத்தைச் சொல்லி, முழுப் பணத்தையும் திருப்பி ஆர்டரை ரத்து செய்யலாம். சந்தைக்கு வெளியே வேறு வழியாக மீதியை அனுப்பும்படி வாங்குபவரைக் கேட்பது சந்தை விதிகளுக்கு விரோதமாகும், கணக்கே முடக்கப்படலாம். வாங்குபவர் இரண்டு பொருள்களுக்குத் தனித்தனியே கூலி கட்டியிருக்க, இரண்டும் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டால், அவர் கேட்பதற்கு முன்பே மிகுதியைத் திருப்பிவிடுவது நலம். அத்தகையோர் மறுபடியும் வாங்க வருகிறார்கள்.

வாங்குபவரில் சிலர் சரக்கைப் பரிசு என்று எழுதும்படியோ, விலையைக் குறைத்துக் காட்டும்படியோ வேண்டுவதுண்டு. நயமாக மறுத்துவிட வேண்டும். சுங்கப் பாரத்தில் கையெழுத்திடுபவர் விற்பவர். பொய் வாக்குமூலத்துக்குப் பொறுப்பாளியும் அவரே. பெட்டி காணாமற்போனால், பாரத்தில் குறித்த மதிப்புக்கு மேல் நஷ்டஈடு கேட்கவும் இயலாது.

வியாபார நிமித்தம் அனுப்புகிறவர்கள் அயல்நாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற்றிருத்தல் அவசியம். 2022 முதல் தபால் இலாகா பல ஊர்களில் அஞ்சலக ஏற்றுமதி மையங்களை ஏற்படுத்தியிருக்கிறது. அங்கு ஏற்றுமதிப் பாரத்தைக் கணினி வழியாகவே தாக்கல் செய்யலாம். இவை எங்கே உள்ளன என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் தெரிந்துவைத்திருந்து, கேட்பவர்களுக்குச் சொல்லுதல் மிகவும் உபகாரமாக இருக்கும். மஞ்சள்தூள், முருங்கைத்தூள் முதலிய உணவுப் பொருள்களுக்கு வேறு அனுமதிகளும் வேண்டும். அவை தனிக் கட்டுரைக்குரியவை.

வாங்குபவர் மறுத்துவிட்ட பெட்டியைப் பற்றி இறுதியாக ஒன்று. தபால் பார்சல் பாரத்தில், சேர்க்க முடியாவிடில் சரக்கைத் திருப்ப வேண்டுமா, கைவிட்டுவிடலாமா என்று கேட்கும் கட்டம் உண்டு. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். திரும்பும் கூலி சரக்கின் கிரயத்துக்கு மேற்படும் என்று தெரிந்தால், கைவிடுக என்று குறிப்பதே சிக்கனம். மெருகேற்றிய பன்னிரண்டு கிண்ணங்களைத் தோப்பிலேயே மறுபடியும் கடைந்துகொள்ளலாம்.