‘நான் வரல’ என அடம்பிடிக்கும் குழந்தையை விளையாட வைப்பது எப்படி?

சம்மர் கேம்ப்புக்குப் பணம் கட்டியாச்சு. குழந்தையோ ‘நான் வரல’ என்கிறதா? அது சோம்பேறித்தனமாகத்தான் இருக்கணும்னு இல்லை. ‘தப்பா ஆடினா சிரிப்பாங்களோ’ என்ற பயமாகவும் இருக்கலாம்.

5 முதல் 17 வயதினருக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடங்களாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு கிரிக்கெட் அகாடமிதான் வேண்டும் என்பதில்லை. சைக்கிள், ஸ்கிப்பிங், மொட்டை மாடி ஷட்டில் எல்லாமே கணக்கில் சேரும்.

முதல் நாள் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். எந்த விளையாட்டு என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். வீடு திரும்பியதும் ‘ஜெயிச்சியா?’ வேண்டாம், ‘இன்னிக்கு எது ஜாலியா இருந்துச்சு?’ போதும்.

‘நாலு வாரம் போய்ப் பாரு, பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்’ என்று சொன்னால், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அந்த வாக்கை மீறினால், அடுத்த முறை நீங்கள் கூப்பிடும்போது குழந்தை நம்பாது.