நூல் அறுந்தால் தறி நிற்க வேண்டும்

டொயோட்டா காரின் கதை தறியில் தொடங்குகிறது. பழைய விசைத்தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தறி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பழுதான துணி முழம் முழமாக வந்து விழும். நூல் அறுந்த உடனே தானாக நின்றுவிடும் தறியை உருவாக்கினார் ஜப்பானின் சகிச்சி டொயோடா. 1924-ல் வந்த அவருடைய ஜி வகைத் தறியின் உரிமையை, 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது.

டொயோடா குடும்பத்தின் நெசவாலையில் 1932-ல் வேலைக்குச் சேர்ந்தவர் தாயிச்சி ஓனோ. பின்னாளில் அதே குடும்பத்தின் டொயோட்டா கார் ஆலைக்கு மாறியபோது தறியின் பாடத்தையும் கூடவே கொண்டுபோனார். இன்று உலகம் ‘லீன்’ என்று அழைக்கும் உற்பத்தி முறை பெரும்பாலும் அவர் கைவண்ணம்.

ஆலையில் நடக்கும் வீண்வேலைகளை ஓனோ ஏழாகப் பிரித்தார். காத்திருப்பது, பொருளை அங்கும் இங்கும் சுமப்பது, ஸ்டாக் தேங்குவது, பழுதான பொருள் என்று நீளும் அந்தப் பட்டியலில், தேவைக்கு மேல் செய்து குவிப்பதே ஆகக் கெட்டது என்றார். குவியல் இருந்தால் மற்றக் குறைகள் கண்ணில் படாது. அதனால்தான் கான்பன் அட்டை வந்தது: அடுத்த பிரிவிலிருந்து அட்டை வந்தால்தான் இந்தப் பிரிவு பொருள் செய்யும்.

பழுது வந்தால்? தொழிலாளி தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் கோளாறு தீராவிட்டால் லைனே நின்றுவிடும்.

பிறகு ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஓனோவே சொன்ன உதாரணம் இது. இயந்திரம் ஏன் நின்றது? சுமை கூடி ஃபியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிருந்தது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும்.

தரையில் மஞ்சள் கோடு போட்டு, சுவரில் பலகை மாட்டிவிட்டால் லீன் வந்துவிடாது. லைனை நிறுத்தும் உரிமை கடைசித் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். ஆலை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: லைன் நின்றால், யார் நிறுத்தியது என்று தேடாமல், ஏன் நின்றது என்று அந்தத் தொழிலாளியிடமே கேளுங்கள்.