டீச்சரம்மாவின் தொண்டை

கோயமுத்தூரிலிருந்து திருச்சிக்குப் போகிற பெரிய சாலையில் இருக்கிறது பல்லடம். 2009-ஆம் வருஷம் முதல் திருப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். தமிழ்நாட்டில் கறிக்கோழி இன்றைக்கு என்ன விலை என்று பேசி முடிவு செய்கிற இடம் இதுதான். (சைவ வாசகிகள் மன்னிக்கவேண்டும்!) ஆனால் ஊருக்குள் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது கோழியல்ல, தறி. 'தறிக் குடோன்' என்று இந்தப் பக்கத்தில் சொல்லுகிறார்களே, அந்த விசைத்தறிக் கொட்டகை ஒன்றின் அருகில் போய் நில்லுங்கள். 'டடக் டடக்' என்று நாடா அடிக்கிற சப்தம் உள்ளே 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும்.

இங்கிலாந்திலே லாங்கஷயர் நெசவாலைகளில் வேலை செய்த பெண்கள் இந்தச் சங்கடத்திற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்திருந்தார்கள். குரலே இல்லாமல், உதட்டை நன்றாக அசைத்து, முகபாவத்தாலேயே வம்பு பேசுவார்களாம்! 'மீ-மாயிங்' என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. நெசவுக்காரிக்கு அது போதும். கணக்குப் பாடம் நடத்துகிற டீச்சரம்மா என்ன செய்வாள்?

சுவருக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் தூரத்தை அமைதிப் பகுதி என்று அறிவிக்கலாம், பகலில் அங்கே 50 டெசிபலுக்கு மேல் சப்தம் கூடாது என்று 2000-ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. விதியைத் தறி அறியுமா? தறியே இல்லாத தெருவென்றாலும் பஸ் ஹாரன் இருக்கிறது. தலைக்கு மேலே நாலு மின்விசிறி இருக்கிறது. தகரக் கூரையானால் மழை நாளில் கேட்கவே வேண்டாம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சப்தம், எதிரே உட்கார்ந்திருக்கும் அறுபது குழந்தைகள்.

மாலையில் அவள் வீடு திரும்பும்போது அடுத்த வீட்டு அம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொள்கிறாள்.

"ஏனுங் டீச்சர், தொண்டை இப்படிக் கம்மிப் போச்சுங்?"

"ஒண்ணுமில்லீங்க. இன்னிக்கு ரெண்டு செக்ஷனையும் ஒண்ணா உக்கார வெச்சு நடத்துனனுங்க."

"ராத்திரிக்கு மொளகுப் பால் குடிங்க. செரியாப் போயிருமுங்."

மிளகுப் பால் நல்ல பதார்த்தம்தான். நானும் பிரியமாகக் குடிப்பவள். ஆனால் தொண்டைக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால், பாலை மட்டும் நம்பத் தோன்றாது. பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் இரண்டும் விநாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆண்களுக்கு இது சுமார் 120 தடவைதான். இடைவெளிகளையெல்லாம் கழித்து, ஒரு நாளில் ஒரே ஒரு மணி நேரம் குரல் எழும்பினால்கூடக் கணக்கு 7,20,000 மோதல்! கத்தும்போது ஒவ்வொரு மோதலும் பலமாக விழுகிறது. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்புக் காய்ப்பதில்லையா? அதே போல நாணின் ஓரத்திலும் காய்ப்பு விழும். பிறகு குரல் கரகரக்கும், உடையும், சில நாள் வரவே வராது.

அமெரிக்காவில் நெல்சன் ராய் என்பவரும் அவருடைய சகாக்களும் இரண்டு மாகாணங்களில் விசாரித்து 2004-இல் வெளியிட்ட கணக்கு இது: வாழ்நாளில் ஒரு தடவையாவது குரல் கெட்டதாகச் சொன்ன ஆசிரியர்கள் நூற்றுக்கு 57.7 பேர். மற்றத் தொழில்காரர்கள் 28.8 பேர்தான். அதிலும் பெண்களுக்கே தொல்லை அதிகம். இரண்டு வருஷம் முன்னால், 2002-இல், அவர்களே இன்னொரு பரீட்சையும் செய்திருந்தார்கள். குரல் கெட்ட 44 ஆசிரியர்களை மூன்று கட்சியாகப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கி. ஒரு கட்சிக்குத் தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள் என்ற உபதேசம். மூன்றாவது கட்சிக்கு ஒன்றுமில்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஒலிபெருக்கிக்காரர்களின் கஷ்டம் நன்றாகக் குறைந்திருந்தது. உபதேசம் கேட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி பயனில்லை. சும்மா விடப்பட்டவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமாயிற்று. உபதேசம் செய்வதில் சளைக்காத நம் வீட்டுப் புருஷர்கள் கவனிக்கவேண்டிய விஷயம்!

"அந்தக் காலத்தில் மைக்கா வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள்?" என்று ஒரு பெரியவர் நிச்சயம் கேட்பார். இந்தக் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் மைக் வருவதற்கு முன்பே நாடக மேடையேறி, கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டும்படி பாடியவர்தான். வாஸ்தவம். அந்தச் சாரீரம் லட்சத்தில் ஒருவருக்கு வாய்ப்பது. டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அதை யாரும் கேட்பதில்லையே.

ஆகவே, ஒலிபெருக்கி வாங்கலாம். எதை வாங்குவது? ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் முதல் பல ஆயிரம் வரை விதவிதமாகக் கிடைக்கிறது. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது வாட் கணக்கைத்தான். இதில் ஏமாற வேண்டாம். வாட் இரட்டித்தால் சப்தம் இரட்டிக்காது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கவேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். தவிர, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எல்லாம் உள்ளே இருப்பதில்லை.

கவனிக்கவேண்டியது மைக்கை. காதிலோ தலையிலோ மாட்டிக்கொண்டு வாய்க்கு அருகில் நிற்கும் மைக்தான் நல்லது. கையில் பிடிக்கிற மைக் என்றால் ஒரு கை போய்விடும். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் குரலும் போய்விடும். சட்டையில் குத்துகிற மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருப்பதால், டீச்சரின் குரலோடு மின்விசிறியையும் தறியையும் சேர்த்துப் பெருக்கும். வாயோரத்தில், இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தால், மெல்லப் பேசினாலே அது பிடித்துக்கொள்ளும். நேரே உதட்டுக்கு எதிரே மட்டும் வைக்கக்கூடாது. 'ப' வரும்போதெல்லாம் 'புஸ்' என்று காற்றடிக்கும். கொண்டையும் பூவும் வைத்துக்கொள்கிறவர்கள் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுவது உசிதம். ஸ்பீக்கரோடு வரும் பெல்ட்டைப் புடைவையின் மேல் கட்டினால் மடிப்பு கலைகிறதா, முந்தானையில் ஒயர் சிக்குகிறதா என்பதெல்லாம் அற்ப விஷயமல்ல. சிக்குகிற கருவி இரண்டாம் வாரமே அலமாரிக்குப் போய்விடும்.

ஒயர் இல்லாத மைக் சௌகரியந்தான். ஆனால் புளூடூத் மைக்குகளில் பல, பேச்சைக் கொஞ்சம் தாமதித்தே ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும். செல்போனை மைக்காக்கி ஸ்பீக்கரோடு இணைக்கிறவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். தன் குரலே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்திக் காதில் விழுந்தால் யாருக்கும் நாக்குக் குழறும். மைக்கும் ஸ்பீக்கரும் ஜோடியாகவே வருகிற ஒயர்லெஸ் செட்டில் இந்தத் தாமதம் தெரியாது.

அடுத்தது 'கீ...ச்' என்ற அந்த அலறல். ஸ்பீக்கரிலிருந்து வரும் சப்தத்தையே மைக் மறுபடி பிடித்து, மறுபடி பெருக்குவதால் வருவது. மைக் வாய்க்கு அருகிலும் ஸ்பீக்கர் மைக்குக்கு முதுகு காட்டியும் இருந்தால் வராது. ஸ்பீக்கரை மேஜைமேல் வைக்கிற வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. முன் பெஞ்சுக் குழந்தைகளுக்குக் காது அடைக்கும்; கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் போகாது. வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் என்றாலும், திருப்பிக் கொடுப்பது குழம்பிய வார்த்தையைத்தான். பெரிய ஹாலாக இருந்தால் ஸ்பீக்கரை அறையின் பாதித் தூரத்தில், பக்கச் சுவரில், குழந்தைகளின் தலைக்குச் சற்று மேலே மாட்டிவிடலாம். ஒயர்லெஸ் செட்டின் உண்மையான லாபம் இதுதான். எதிரொலிக்கிற ஹாலில் சப்தத்தைக் கூட்டக் கூட வார்த்தை மங்கும். அங்கே ஸ்பீக்கரைக் கிட்டே கொண்டுபோய்ச் சப்தத்தைக் குறைக்க வேண்டும்.

குழந்தைகளின் காதில் வார்த்தை தெளிவாக விழ, டீச்சரின் குரல் அறைச் சப்தத்தைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருக்கவேண்டும் என்பது நிபுணர் கணக்கு. பெரியவர்கள் பாதி கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு அது முடியாது. கடைசி பெஞ்சில் இருப்பவளை மக்கு என்று சொல்லுவதற்கு முன், அவள் காதில் என்ன விழுந்தது என்று பார்க்கவேண்டும்.

கருவி வந்த பிறகும் ஒரு பழக்கம் விடாது. சுற்றிலும் சப்தம் இருந்தால் நம்மை அறியாமலே குரல் உயரும். எட்டியென் லோம்பார் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1911-இல் எழுதி வைத்த உண்மை இது. மைக் மாட்டிக்கொண்டும் கத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஊர் முழுக்கக் கேட்கும், தொண்டை மட்டும் ஆறாது. முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மாளோடு திண்ணையில் பேசுகிற குரலிலேயே பேசிப் பழகவேண்டும். மீதியை ஸ்பீக்கரின் திருகு பார்த்துக்கொள்ளும்.

பாட்டரி பத்து மணி நேரம் வரும் என்று பெட்டியில் போட்டிருந்தால், அது சப்தத்தைக் குறைத்து வைத்த கணக்காக இருக்கக்கூடும். செல்போன் சார்ஜரே பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்டாப் ரூமில் நாலு பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால், மைக் நுனியில் மாட்டும் பஞ்சுக் குல்லாய் மட்டும் ஆளுக்கு ஒன்று தனியாக இருக்கட்டும். ஒருவர் சளி மற்றவருக்கு வேண்டாம். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் எந்தக் கருவியும் போதாது. காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போய், குரல் நாணைக் காமிரா விட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும்.

காசு கொடுப்பது யார் என்ற கேள்வி இருக்கிறது. சாக்பீஸைச் சொந்தக் காசில் வாங்கிப் பழகிய டீச்சரம்மாக்கள் இதையும் அப்படியே வாங்கிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மாவாவது எழுந்து இதைக் கேட்டால் தேவலை. ஒன்று, வாங்குமுன் கடைக்காரரிடம் சொல்லி ஒரு நாள் பள்ளிக்கு எடுத்துப் போங்கள். பிற்பகல், தறி ஓடும் நேரம், விசிறிகள் எல்லாம் சுற்றட்டும். ஒரு தோழியைப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள்.